கோல் ஒன்று, காவலர் இருவர்

(நம் பள்ளியின் பரிசளிப்பு விழாவையொட்டி, சிங்கப்பூரில் வேலை செய்யும் பழைய மாணவர்களும் பெற்றோர்களும் சிராங்கூன் சாலையில் கூடிய நிகழ்ச்சியில், பயிற்சி பெற்ற தோட்டப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

பரிசளிப்பு நாள் என்றால் கல்வியின் பெருமையைப் பற்றிப் பேசுவது வழக்கம். அதை எனக்கு முன் பேசிய பெரியவர்கள் சிறப்பாகவே பேசிவிட்டார்கள். ஆகவே நான் இன்று விளையாட்டைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டேன். அதிலும் ஹாக்கி விளையாட்டைப் பற்றி. ஹாக்கியிலும் ஓடி ஆடிக் கோல் போடுகிறவர்களை விட்டுவிட்டு, கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்கும் காவலரைப் பற்றி. "என்னடா இது, பரிசு கொடுக்கிற நாளில் வாத்தியார் பந்து கதை சொல்ல வந்துவிட்டாரே!" என்று யாரும் நினைக்க வேண்டாம். பரிசுக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு உண்டு. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் நாம் கூடியிருக்கும் இந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிராங்கூன் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது பூக்கடையும், மளிகைக் கடையும், வீரமாகாளியம்மன் கோயிலும், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும்தான். ஆனால் இங்கிருந்து அதிக தூரமில்லாத பாலஸ்டியர் பகுதியில் இந்தியர் சங்கத்துக்கும் இலங்கையர் விளையாட்டுச் சங்கத்துக்கும் திடல்கள் இருந்தன. அந்தக் காலத்து ஹாக்கிக்காரர்கள் பலர் அப்படிப்பட்ட திடல்களில் வளர்ந்தவர்கள். 1956 ஆம் ஆண்டு மெல்பர்ன் ஒலிம்பிக்கில் சிங்கப்பூர் ஹாக்கி அணி கலந்துகொண்டது. பன்னிரண்டு நாடுகளில் எட்டாவது இடம் பெற்றது. சிங்கப்பூர் ஹாக்கி அணி ஒலிம்பிக்கில் ஆடியது அந்த ஒரு முறைதான். அந்த அணியில் ஆறுமுகம் விஜயரத்தினம் என்ற தமிழர் இருந்தார். படிப்பால் பொறியியலாளர். ஹாக்கி, கால்பந்து, கிரிக்கெட், ரக்பி ஆகிய நான்கு விளையாட்டுகளிலும் சிங்கப்பூருக்காக ஆடியவர். படிப்பும் விளையாட்டும் ஒன்றையொன்று கெடுக்கும் என்று நினைப்பவர்களுக்கு அவர் ஒருவரே போதுமான பதில்.

இப்போது கோல் காவலருக்கு வருவோம். ஹாக்கியில் கோலின் அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.14 மீட்டர். நம்முடைய லயத்து வீட்டு முன்கூடத்தின் ஒரு சுவர் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தின் எடை சுமார் 160 கிராம்; கல் போலக் கெட்டியானது. பெனால்டி கார்னரில் நல்ல வீரர் மட்டையால் இழுத்து எறிந்தால் அந்தப் பந்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வரும். அடிப்பவர் நிற்கும் இடத்திலிருந்து கோலுக்கு ஏறக்குறைய 15 மீட்டர். கணக்குப் பாடம் படிக்கும் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை நொடிதான் வரும். அந்த அரை நொடிக்குள் காவலர் பந்தைப் பார்க்க வேண்டும், திசையை அறிய வேண்டும், காலையோ கையையோ நீட்ட வேண்டும். தலைக்கவசம், மார்புக்கவசம், கால்கட்டு, கையுறை என்று இத்தனையும் மாட்டிக்கொண்டு நம் ஊர் வெயிலில் நிற்பதே ஒரு தவம்தான்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. முன்னணியில் ஆடும் ஒருவர் சரியில்லை என்றால் இன்னொரு இடத்தில் போட்டு ஆட வைக்கலாம். களைத்துப் போனால் சற்று நேரம் வெளியே வந்து மீண்டும் உள்ளே போகலாம். ஒரே ஆட்டத்தில் எல்லாருக்கும் வாய்ப்புக் கிடைக்கும். கோல் காவலருக்கு அப்படி இல்லை. கோல் ஒன்றுதான், நிற்பவரும் ஒருவர்தான். ஒருவர் உள்ளே நின்றால் மற்றவர் வெளியே உட்கார வேண்டும். ஆகவே ஓர் அணியில் இரண்டு இளம் காவலர்கள் இருந்தால், அவர்களுக்குள் ஏற்படும் போட்டி மற்றப் போட்டிகளைப் போன்றதல்ல. அவர்கள் இருவரும் ஒரே சட்டை போட்டவர்கள், ஒரே பேருந்தில் வருகிறவர்கள், ஒரே அணிக்காக வெற்றியை விரும்புகிறவர்கள். ஆனாலும் ஒருவருக்குக் கிடைப்பது மற்றவருக்குக் கிடைக்காது.

அப்படிப்பட்ட இரண்டு இளைஞர்களின் கதையைத்தான் சொல்லப் போகிறேன். ஒருவர் பெயர் பிக்ரம்ஜித் சிங். மற்றவர் பெயர் பிரின்ஸ்தீப் சிங். இருவரும் இந்திய இளையோர் ஹாக்கி அணியின் காவலர்கள்.

நம் ஜொகூர் பாருவில் சுல்தான் ஜொகூர் கிண்ணப் போட்டி நடப்பதை நீங்கள் அறிவீர்கள். தாமான் டாயா திடலில் விளக்கு வெளிச்சத்தில் நடக்கும். நம் தோட்டத்துப் பிள்ளைகள் சிலரும் போய்ப் பார்த்ததுண்டு. 2024 அக்டோபரில் அங்கே மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் இந்தியாவும் நியூசிலாந்தும் மோதின. இந்தியா இரண்டு கோல் முன்னே இருந்தது. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் நியூசிலாந்து இரண்டையும் திருப்பிப் போட்டுவிட்டது. 2-2. அடுத்து ஷூட்-அவுட். அதாவது, ஓர் ஆட்டக்காரர் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு வருவார். எட்டு நொடிக்குள் கோல் போட வேண்டும். எதிரே காவலர் ஒருவர் மட்டும். வேறு துணை கிடையாது. அன்று கோலில் நின்றவர் பிக்ரம்ஜித். மூன்று முயற்சிகளைத் தடுத்தார். இந்தியா 3-2 என்று வென்று வெண்கலம் பெற்றது.

இனிமேல் அந்த இடம் அவருக்கே உரியது என்று யாராயினும் நினைப்பார்கள் அல்லவா? அப்படி நடக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் மஸ்கட்டில் நடந்த இளையோர் ஆசியக் கிண்ணப் போட்டிக்கு பிக்ரம்ஜித்தும் போனார், பிரின்ஸ்தீப்பும் போனார். இந்தியா இறுதியாட்டத்தில் பாகிஸ்தானை 5-3 என்று வென்றது. 2025 அக்டோபரில் மறுபடியும் ஜொகூர் பாருவுக்கு இருவரும் வந்தார்கள். அந்த முறை இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் 1-2 என்று தோற்றார்கள். ஒரு மாதம் கழித்து இளையோர் உலகக் கிண்ணம். இருபத்து நான்கு நாடுகள். நடந்த இடம் எது தெரியுமா? நம் தாய்த்தமிழ் நாட்டில், சென்னையிலும் மதுரையிலும்! அங்கேயும் அணிப் பட்டியலில் காவலர் என்ற இடத்தில் அந்த இரண்டு பெயர்களே இருந்தன.

முதல் மூன்று ஆட்டங்களில் சிலியை 7-0, ஓமானை 17-0, மதுரையில் சுவிட்சர்லாந்தை 5-0 என்று இந்தியா வென்றது. இருபத்தொன்பது கோல் போட்டார்கள். ஒரு கோல்கூட வாங்கவில்லை. பிறகு டிசம்பர் 5 ஆம் நாள் சென்னையில் காலிறுதி. எதிரி பெல்ஜியம். இந்தியா 2-1 என்று முன்னே இருந்தது. கடைசி நேரத்தில் பெல்ஜியம் சமன் செய்தது. 2-2. மறுபடியும் ஷூட்-அவுட்! ஜொகூரில் நடந்தது போலவே. ஆனால் இந்த முறை கோலில் நின்றவர் பிரின்ஸ்தீப். அவர் தடுத்தார், இந்தியா 4-3 என்று வென்றது. அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 என்று தோற்றாலும், அர்ஜென்டினாவோடு இரண்டு கோல் பின்தங்கியிருந்து, கடைசிப் பகுதியில் நான்கு கோல் போட்டு வெண்கலம் வாங்கினார்கள்.

ஜொகூர் பிக்ரம்ஜித்துக்கு, சென்னை பிரின்ஸ்தீப்புக்கு. இடையில் பதின்மூன்று மாதத்துக்குச் சற்று மேல்தான். பத்திரிகைகள் முதலில் ஒருவர் படத்தைப் போட்டன. பிறகு மற்றவர் படத்தைப் போட்டன. இவர்களில் யார் முதலாவது, யார் இரண்டாவது? நீங்களே சொல்லுங்கள்!

இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு தகப்பனார் என்னிடம் கேட்ட கேள்விக்கு இன்னும் முழுதாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் பெயர் வேண்டாம். நம்மைப் போன்ற உழைப்பாளிதான். அவருடைய மகன் பள்ளிக் கால்பந்துக் குழுவில் இரண்டாவது காவலன். பயிற்சிக்கு ஒரு நாள் தவறமாட்டான். ஆனால் ஆட்டத்தன்று வெளியே உட்கார்ந்திருப்பான். தகப்பனார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஏன் சார், சும்மா பெஞ்சில உக்கார்றதுக்கா இவன் சாயங்காலம் அஞ்சரை வரைக்கும் இங்க நிக்கிறான்? வீட்டுல அம்மாவுக்குக் கூடமாட ஒத்தாசையாவது செய்வானே. நிப்பாட்டிடட்டுமா?"

நியாயமான கேள்வி. உழைத்து உண்பவன் கேட்கும் கேள்வி. நேரம் என்பது அவருக்குக் காசு. அன்று நான், "நிப்பாட்ட வேணாம் அண்ணே, இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னேன். அதன் காரணத்தை இன்று உங்கள் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதல் காரணம் இது. காவலருக்குரிய பயிற்சி தனிப் பயிற்சி. மற்றவர்கள் திடலில் பந்தைத் துரத்திக்கொண்டிருக்க, காவலர்கள் இருவரும் ஒரு மூலைக்குப் போய்விடுவார்கள். ஒருவர் கோலில் நிற்பார். மற்றவர் பந்தை அடித்துக் கொடுப்பார். பிறகு மாறிக்கொள்வார்கள். முதல் காவலருடைய இடது கால் சற்றுத் தாமதமாக இறங்குகிறது என்பதைப் பயிற்சியாளருக்கு முன்னே கண்டுபிடிப்பவர் யார்? இரண்டாவது காவலர்தான். ஏனென்றால் அந்த வேலை என்னவென்று அறிந்த இன்னொரு ஆள் அணியில் அவர் ஒருவர்தான். அதோடு, பின்னால் ஒருவர் தயாராக நிற்கிறார் என்ற எண்ணமே முதலாவது ஆளைத் தூங்கவிடாது. ஆகவே இரண்டாவது காவலர் வெளியே சும்மா உட்கார்ந்திருப்பதாகத் தோன்றினாலும், உள்ளே நிற்பவர் தடுக்கும் ஒவ்வொரு பந்திலும் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

இதைத் தோட்டத்து மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பால்மரம் இருந்த காலத்தில், பெரட்டில் பெயர் கூப்பிடும்போது ஒருவர் வரவில்லை என்றால் அவருடைய நிரையை வெட்ட இன்னொரு ஆள் போவார். தனக்கென்று நிரை இல்லாதவர் என்று அவரை யாராவது குறைவாகப் பேசினார்களா? அவருக்கு எல்லா நிரையும் தெரிந்திருக்கும். எந்த மரம் எப்படிப் பால் விடும் என்று தெரிந்திருக்கும். அந்த ஆள் இல்லாவிட்டால் அன்றைய பால் அன்றைக்கே போச்சு!

இரண்டாவது காரணம், வாய்ப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது என்பது. வரும் என்று தந்தி அடித்துவிட்டு அது வருவதில்லை. 2023 ஜனவரியில் புவனேஸ்வரில் உலகக் கிண்ணப் போட்டி நடந்தது. இந்தியாவும் நியூசிலாந்தும் 3-3. ஷூட்-அவுட் தொடங்கியது. கோலில் நின்றவர் ஸ்ரீஜேஷ். உலகப் புகழ் பெற்ற காவலர். அதுவும் சமனாகி, ஒவ்வொரு முயற்சியும் உயிர்ப்போராட்டமாக இருந்த கட்டத்தில் அவருக்கு அடிபட்டுவிட்டது. நிற்க முடியவில்லை. உடனே கிருஷன் பகதூர் பாதக் என்ற இளைய காவலரை இறக்கினார்கள். எண்ணிப் பாருங்கள்! அரங்கம் நிறைய மக்கள், நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது. அவர் போய் நின்றார். அன்று இந்தியா 4-5 என்று தோற்றது. தோற்றாலும், கூப்பிட்ட நொடியில் போய் நிற்க ஓர் ஆள் இருந்தார். நிற்பதற்குத் தகுதியோடு இருந்தார். அந்தத் தகுதி, யாரும் பார்க்காத எத்தனையோ மாலை நேரங்களில் சேர்த்தது.

இங்கே நான் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. இரண்டாவது இடம் வலிக்கும். "வலிக்காது, எல்லாம் ஒன்றுதான்" என்று பிள்ளைகளிடம் சொல்வது பொய். அதே பாதக்கைப் பாருங்கள். 2018 முதல் நாட்டுக்கு ஆடியவர். அர்ஜுனா விருது வாங்கியவர். ஆனால் 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு அணியில் பதினாறு பேருக்குத்தான் இடம். அதில் காவலர் ஒருவர்தான். ஸ்ரீஜேஷ் ஆடினார், பாதக் மாற்று ஆளாக உடன் போனார். இந்தியா வெண்கலம் வென்றது. ஒரு நிமிடம்கூட அவர் இறங்கவில்லை. அந்த இரவு அவர் மனம் எப்படி இருந்திருக்கும் என்பதை நம் பிள்ளைகளில் சிலர் அறிவார்கள். பரிசுப் பட்டியலில் ஒரே ஒரு மதிப்பெண்ணில் பெயர் தவறிய பிள்ளை அறியும்.

ஸ்ரீஜேஷ் அந்த ஒலிம்பிக்கோடு ஓய்வு பெற்றார். உடனே பாதக்குக்குப் பட்டம் கட்டிவிட்டார்களா? இல்லை. சூரஜ் கர்கேரா என்ற இன்னொரு காவலர் போட்டிக்கு நின்றார். 2025 செப்டம்பரில் ராஜ்கிர் நகரில் இந்தியா ஆசியக் கிண்ணத்தை வென்றபோது அணியில் அந்த இருவருமே இருந்தார்கள். ஆக, போட்டி ஒருநாளும் ஓய்வதில்லை. முதலாவது ஆனவனுக்கும் நிம்மதியாக உட்கார நாற்காலி கிடையாது.

பாதக்குக்கு முன்னே நின்ற அந்த ஸ்ரீஜேஷும் ஒரு காலத்தில் பின்னே நின்றவர்தான். கேரளத்தில் எர்ணாகுளம் பக்கம் கிழக்கம்பலம் என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். மகனுக்குக் கவசங்கள் வாங்குவதற்காக அவர் தந்தை வீட்டுப் பசுவை விற்றார் என்பதை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். 2006 இல் நாட்டு அணியில் முதன்முதலாக ஆடினார்; ஆனால் நிலையான இடம் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. மூத்த காவலர்கள் முன்னே இருந்தார்கள். 2014 இல் இன்சியோனில் நடந்த ஆசிய விளையாட்டு இறுதியில் பாகிஸ்தானுக்கு எதிரே ஷூட்-அவுட்டில் நின்று தங்கம் வாங்கிக் கொடுத்தார். பசுவை விற்ற வீட்டிலிருந்து புறப்பட்டு, வெளியே காத்திருந்து, பிறகு உள்ளே நின்ற அவர்தான் 2024 இல் இளையோர் அணியின் பயிற்சியாளர் ஆனார். பிக்ரம்ஜித்தும் பிரின்ஸ்தீப்பும் ஜொகூரிலும் சென்னையிலும் ஆடியது அவருடைய மேற்பார்வையில்தான். காத்திருப்பது என்றால் என்னவென்று அறிந்த ஒருவர், காத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஆசிரியராக வந்தார் என்பது எவ்வளவு பொருத்தம்!

இன்னும் பழைய காலத்துக்குப் போவோம். ரங்கநாதன் பிரான்சிஸ் என்ற பெயரை இங்கே எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? சென்னையில் ஆடி வளர்ந்த காவலர். 1948 லண்டன், 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்பர்ன் என்று மூன்று ஒலிம்பிக்கில் தங்கம் பெற்ற அணிகளில் இருந்தவர். மூன்று தங்கம்! 1948 இல் அவரோடு லியோ பின்டோ என்ற இன்னொரு காவலர் இருந்தார். 1956 இல் சங்கர் லட்சுமண் என்ற இளம் ராணுவ வீரர் வந்தார். அப்போது பிரான்சிஸுக்கு வயது முப்பத்தாறு. சங்கர் லட்சுமணுக்கு இருபத்து மூன்று. அந்தக் காலத்தில் ஆட்டத்தின் நடுவே மாற்று ஆள் இறக்கும் வழக்கமும் கிடையாது. தொடக்கத்தில் யார் நிற்கிறாரோ அவர்தான் கடைசிவரை.

மெல்பர்னில் இந்தியா ஐந்து ஆட்டங்களில் முப்பத்தெட்டு கோல் போட்டது. ஒரு கோல்கூட வாங்கவில்லை. நான் முதலில் சொன்ன சிங்கப்பூர் அணியும் அந்த ஐந்தில் ஒன்று. 0-6 என்று தோற்றது. பாகிஸ்தானோடு இறுதியாட்டத்தில் 1-0. அன்று கோலில் நின்றவர் இளையவரான சங்கர் லட்சுமண். பிறகு அவர் 1960 ரோமிலும் 1964 டோக்கியோவிலும் நின்றார். 1966 ஆசிய விளையாட்டில் அணித் தலைவராகித் தங்கம் வாங்கினார். மூத்தவர் இருக்கும் அணியில் சேர்ந்து, அவர் இடத்துக்கு வந்து, பத்து ஆண்டு அந்த இடத்தைக் காத்தார். பிரான்சிஸ் 1975 இல் காலமானார். இன்று தமிழர்களே அவர் பெயரை மறந்துவிட்டோம் என்பது நம் குறை.

நம் நாட்டு அணியிலும் ஒரு தமிழர் இருந்தார். நெகிரி செம்பிலான் தம்பினில் பிறந்த குமார் சுப்ரமணியம். 2018 ஜக்கார்த்தா ஆசிய விளையாட்டு அரையிறுதியில் மலேசியாவும் இந்தியாவும் 2-2. ஷூட்-அவுட். அந்தப் பக்கம் ஸ்ரீஜேஷ், இந்தப் பக்கம் குமார். மலேசியா 7-6 என்று வென்றது. அப்போது குமாருக்கு முப்பத்தெட்டு வயது! இளைய காவலர்கள் பின்னால் வந்துகொண்டே இருக்க, அந்த வயதிலும் தன் இடத்தைக் காத்தார் என்றால், ஒருநாளும் "எனக்கு எல்லாம் தெரியும்" என்று அவர் உட்கார்ந்திருக்க முடியாது.

ஆகவே போட்டி கெட்டது என்று நான் சொல்லவில்லை. போட்டி வேண்டும். ஆனால் போட்டிக்கும் பொறாமைக்கும் வேறுபாடு உண்டு. திருவள்ளுவர் அழுக்காறாமை என்று தனியாக ஓர் அதிகாரமே வைத்து, பத்துக் குறள் பாடினார். ஊக்கமுடைமை என்று இன்னோர் அதிகாரமும் வைத்தார். இரண்டையும் பிள்ளைகள் சேர்த்துப் படிக்க வேண்டும். ஊக்கம் உள்ளவன், "அவன் நல்லா தடுக்கிறான், நான் அவனைவிட நல்லா தடுக்கணும்" என்பான். பொறாமைக்காரன், "அவன் கைக்கு எட்டாம பந்து உள்ள போகணும்" என்பான். இரண்டு எண்ணமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் பிறக்கின்றன. ஆனால் இரண்டாவது எண்ணம் நிறைவேறினால் யார் தோற்கிறார்? முதல் காவலர் மட்டுமா? அணி முழுவதும் தோற்கிறது. அந்த அணியில் பொறாமைக்காரனும் இருக்கிறான்! தன் வீட்டுக் கூரையில் தானே நெருப்பு வைத்த கதைதான்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். "பக்கத்து வீட்டுப் பையனைப் பாரு, அவன் மூத்திரத்தை வாங்கிக் குடி" என்று பேசுகிற வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. அப்படிப் பேசினால் ஊக்கம் பிறக்காது, பகைதான் பிறக்கும். நேற்றுவரை ஒன்றாகப் படித்த இரண்டு பிள்ளைகள் மறுநாள் முகம் பார்ப்பதில்லை. அதற்குப் பதிலாக, "போன மாசம் நீ எப்படி இருந்த, இந்த மாசம் எப்படி இருக்கிற?" என்று கேளுங்கள். அது நேர்மையான அளவுகோல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளை இரண்டாவதாகவோ பத்தாவதாகவோ வந்தது என்று பயிற்சியையும் படிப்பையும் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தியவனுக்கு வாய்ப்பு வந்தாலும் போய் நிற்கக் கால் வராது. நம் தோட்டங்களில் படிப்பை விட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். ஒரு பரிசளிப்பு நாளில், ஒரு தேர்வு முடிவில், "இதுக்கு மேல நமக்கு வராது" என்று தாங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டவர்கள். பக்கத்தில் இருந்த பெரியவர்களும் தலையாட்டிவிட்டார்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு மூன்று சொல்.

முதல் பரிசு வாங்கும் பிள்ளைக்கு: உன்னோடு போட்டி போட்டவன் இல்லாவிட்டால் நீ இவ்வளவு படித்திருக்க மாட்டாய். மேடையிலிருந்து இறங்கியதும் அவனிடம் போய்ப் பேசு. அவன் உனக்கு எதிரி அல்லன். உன் காலில் இருக்கும் குறையை உனக்கு முன்னே அறிந்தவன்.

இரண்டாம் பரிசு வாங்கும் பிள்ளைக்கு: வலித்தால் வலிக்கட்டும், அதில் வெட்கம் இல்லை. ஆனால் மறுநாள் மாலை திடலுக்கு வா. கவசத்தை மாட்டு. பந்தை எதிர்கொள்.

பெயரே கூப்பிடப்படாத பிள்ளைக்கு: உன்னைத்தான் நான் அதிகம் நினைத்து இந்த உரையை எழுதினேன். இன்றைய பட்டியல் இன்றைக்குரியது. ஜொகூரில் எழுதப்பட்ட பெயர் வேறு, சென்னையில் எழுதப்பட்ட பெயர் வேறு என்று பார்த்தோம் அல்லவா? யாரும் பார்க்காத நேரத்தில் நீ செய்யும் வேலைதான் உனக்குரிய கணக்கு.

அந்தத் தகப்பனாருக்கும் என் பதில் இதுதான்: அண்ணே, உங்க பையன் சும்மா உட்காரவில்லை, தயாராக உட்கார்ந்திருக்கிறான். தயாராக இருக்கும் பழக்கம் ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால், கோலில் நின்றாலும் சரி, பிறகு தொழிற்சாலையிலோ மருத்துவமனையிலோ வகுப்பறையிலோ நின்றாலும் சரி, அது அவனை விட்டுப் போகாது. மாலை அஞ்சரை மணிக்கு அவன் கற்றுக்கொள்வது பந்து பிடிக்க மட்டும் அல்ல.

 பரிசுகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் பெருகட்டும். பரிசு பெறாத பிள்ளைகளும் ஆண்டுதோறும் தவறாமல் பள்ளிக்கு வரட்டும்.